மெக்சிக்கோவுக்கு இரண்டு வாசல்: குவாதலஹாராவில் ஓய்வுகாலம்

எங்கள் ஊரில் மெக்சிக்கோ என்ற பெயரை முதலில் சொன்னவர்கள் ஏஜென்சிக்காரர்கள். காணியை ஈடு வைத்து, நகையை விற்று, நாடு நாடாக மாறிப் போய், கடைசியில் மெக்சிக்கோவின் தெற்கு எல்லை நகரான தபச்சூலாவில் கடதாசிக்காகக் காத்துக் கிடந்த பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்களைப் பொறுத்தவரை அது கடந்து போகிற நாடு. தங்குவதற்கென்று யாரும் அங்கே போனதில்லை.

அதனால்தான் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா தொலைபேசியில் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது.

"பிள்ளை, நீ எழுதுற ஆள்தானே. மெக்சிக்கோவில குவாதலஹாரா எண்டு ஒரு சிற்றி இருக்காம். பென்சன் எடுத்தவை கனபேர் அங்க போய் இருக்கினமாம். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு."

சித்தப்பாவுக்கு 66 வயது. 1989 இல் கனடா போனவர். முப்பது வருடம் களஞ்சியசாலை ஒன்றில் பெட்டி தூக்கியவர். இப்போது முழங்கால் பனிக்குத் தாங்குவதில்லை. ஸ்காபரோ வீட்டின் வரியும் காப்புறுதியும் ஒவ்வொரு வருடமும் ஏறுகின்றன. ஊருக்கே திரும்பி வரலாமே என்று கேட்டேன். "சித்தி மாட்டனெண்டு நிக்கிறா" என்றார்.

புலம்பெயர்ந்த முதல் தலைமுறை ஓய்வுபெறும் காலம் இது. இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் கேட்கப்படும். ஆகவே சித்தப்பாவுக்காக நான் தேடிச் சேர்த்ததை இங்கே எழுதுகிறேன்.

என்ன ஊர் அது?

குவாதலஹாரா மெக்சிக்கோவின் மேற்கில் உள்ள ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகர். சுற்றியுள்ள நகரங்களையும் சேர்த்தால் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வெப்ப வலயத்தில் இருந்தும் வெயில் கொளுத்துவதில்லை. மே மாதம்தான் கடும் சூடு. ஜூனில் மழை தொடங்கிவிடும். பனிக்குப் பயந்த முழங்காலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மரியாச்சி இசையும் தெக்கீலாவும் இந்த மாநிலத்தின் பெயரோடு ஒட்டியவை. 1866 இல் திறந்த தெகொயாதோ அரங்கு இன்றும் இயங்குகிறது. 1987 இலிருந்து ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் இங்கே நடக்கும் புத்தகக் கண்காட்சி ஸ்பானிய மொழி உலகின் மிகப் பெரியது. நகரின் நடுவில் உள்ள கபாஞ்ஞாஸ் இல்லம் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநாதைகளுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கட்டப்பட்ட புகலிடம். 1930களின் இறுதியில் ஹொசே கிளெமென்தே ஒரோஸ்கோ அதன் சுவர்களிலும் கூரையிலும் வரைந்த ஓவியங்களைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். 1997 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக ஏற்றது.

சாப்பாட்டிலும் எங்கள் ஆட்களுக்கு அந்நியம் குறைவு. மிளகாய், தக்காளி, பப்பாசி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்துக்குப் பிறகு எங்களிடம் வந்தவைதான். உறைப்புத் தேடி அங்கே அலையத் தேவையில்லை.

வெளிநாட்டு ஓய்வூதியர்கள் இங்கு வரத் தொடங்கியது இன்று நேற்றல்ல. நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் மெக்சிக்கோவின் மிகப் பெரிய ஏரியான சபாலா இருக்கிறது. அதன் கரையில் குடியேறிய வெளிநாட்டவர்கள் 1955 இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். அங்குள்ள அஹிஹிக் என்ற சிற்றூரில் ஆங்கிலத்திலேயே காலத்தைக் கழித்துவிடலாம். குவாதலஹாரா நகருக்குள் அப்படி முடியாது. மீன் வாங்கவும் மின்கட்டணம் கட்டவும் ஸ்பானிஷ் வேண்டும்.

வாசலில் கேட்கும் கணக்கு

கனடியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா இல்லாமலே 180 நாள்கள் வரை மெக்சிக்கோவில் தங்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளின் செல்லுபடியான விசாவோ நிரந்தர வதிவிடமோ இருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

நிரந்தரமாக இருக்க விரும்பினால், மெக்சிக்கோவுக்கு வெளியே உள்ள அதன் துணைத் தூதரகம் ஒன்றில் தற்காலிக வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்ததும் 180 நாள்களுக்குள் நாட்டுக்குள் நுழைந்து, நுழைந்த 30 நாள்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அட்டை எடுக்க நடவடிக்கை தொடங்க வேண்டும். முதல் அட்டை ஒரு வருடத்துக்கு. புதுப்பித்துப் புதுப்பித்து நான்கு வருடம் ஆனதும் நிரந்தர வதிவிடத்துக்கு மாறலாம்.

இதற்கு வருமானம் காட்ட வேண்டும். எவ்வளவு என்பதில்தான் விசயம் இருக்கிறது. விதிமுறை இந்தத் தொகையை நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலியோடு முடிந்து வைத்திருக்கிறது. தற்காலிக வதிவிடத்துக்கு, கடந்த ஆறு மாதங்களில் ஒவ்வொரு மாதமும் 300 நாட்கூலிக்குச் சமமான வருமானம். நிரந்தர வதிவிடத்தை நேரடியாகக் கேட்கும் ஓய்வூதியருக்கு 500 நாட்கூலி. அதாவது, அந்த ஊர்த் தொழிலாளி ஒரு மாதத்தில் உழைக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தின் பத்து மடங்கை மாதாமாதம் பெறுபவர்தான் தற்காலிகமாகவேனும் அங்கே குடியேறலாம்.

2018 இல் அந்த நாட்கூலி 88.36 பேசோ. 300 மடங்கு 26,508 பேசோ. அன்றைய மதிப்பில் 1,400 அமெரிக்க டொலர் அளவு. சாதாரண ஓய்வூதியர் ஒருவர் தாண்டக்கூடிய உயரம்தான். அதற்குப் பிறகு வந்த அரசாங்கங்கள் நாட்கூலியை வருடாவருடம் உயர்த்தின. 2025 இல் அது 278.80 பேசோ. 300 மடங்கு 83,640 பேசோ. இப்போது 4,000 டொலரைத் தாண்டிவிட்டது. உள்ளூர்த் தொழிலாளியின் கூலி உயர உயர, வெளியிலிருந்து வருபவருக்கான வாசற்படியும் உயர்ந்திருக்கிறது. இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "மெக்சிக்கோவில் ஆயிரத்து ஐந்நூறு டொலர் பென்சனோடு ராசா மாதிரி இருக்கலாம்" என்று பேசும் பழைய காணொளிகளை நம்பிக் கிளம்பக்கூடாது.

வருமானம் போதாதவருக்குச் சேமிப்பு வழி ஒன்று உண்டு. கடந்த 12 மாதங்களில் சராசரியாக 5,000 நாட்கூலிக்குச் சமமான பணம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். 2025 கணக்கில் அது 13 இலட்சத்து 94 ஆயிரம் பேசோ, 70,000 அமெரிக்க டொலருக்கு மேல். வீட்டை விற்றவருக்கு இது முடியும். வாடகை வீட்டில் இருந்து ஓய்வுபெற்றவருக்கு முடியாது. கணக்கைப் பார்க்கும் விதம் தூதரகத்துக்குத் தூதரகம் மாறுவதால், விண்ணப்பிக்கப்போகும் இடத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கனடாவில் எது தொடரும், எது நிற்கும்?

கனடா ஓய்வூதியத் திட்டத்தின் பணம், அதாவது சி.பி.பி, உலகின் எந்த மூலைக்குப் போனாலும் வரும். வேலை செய்து கட்டிய பணம் அது. முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு, அதாவது ஓ.ஏ.எஸ், வெளிநாட்டில் தொடர்ந்து வர வேண்டுமென்றால் 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 20 வருடம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். முழுத்தொகைக்கு 40 வருடம். 1989 இல் போன சித்தப்பாவுக்கு இருபது தாராளமாக இருக்கிறது, நாற்பது இல்லை. பிந்தி வந்து சேர்ந்த பெற்றோர் பலருக்கு இருபதும் இராது.

வருமானம் குறைந்த முதியோருக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும் ஜி.ஐ.எஸ் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். வதிவிடத்தையே மாற்றிக்கொண்டால் ஓய்வூதியத்தில் பொதுவாக 25 வீதம் வரியாகப் பிடிக்கப்படும். வரி உடன்படிக்கை உள்ள நாடென்றால் அது குறையலாம். மெக்சிக்கோவுடன் உடன்படிக்கை இருக்கிறது. ஒன்ராறியோவின் இலவச மருத்துவத்துக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள்களாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் சித்தப்பாவுக்கு முக்கியம். அவருக்குச் சீனி, பிறசர் இரண்டும் உண்டு. மெக்சிக்கோவின் அரச சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் வதிவிட அட்டை உள்ள வெளிநாட்டவர் பணம் கட்டிச் சேரலாம். ஆனால் புற்றுநோய், நீரிழிவின் முற்றிய பாதிப்புகள் போன்றவை ஏற்கனவே இருந்தால் சேர்க்க மாட்டார்கள். தனியார் காப்புறுதி வயது ஏற ஏறக் கிடைப்பதே கடினம். மருந்துக்கடையை ஒட்டிய சிறு அறைகளில் மருத்துவர்கள் குறைந்த கட்டணத்துக்குப் பார்க்கிறார்கள். காய்ச்சலுக்கு அது போதும். மாரடைப்புக்குப் போதாது.

உறுதி இருக்கா?

வீடு வாங்க நினைப்பவருக்கு எங்கள் ஆட்கள் கேட்கும் முதற்கேள்வியே அங்கேயும் முதற்கேள்வி: உறுதி இருக்கா?

கடற்கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள்ளும் நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள்ளும் வெளிநாட்டவர் வீட்டு நிலத்தை நேரடியாகத் தம் பெயரில் வைத்திருக்க முடியாது. வங்கி ஒன்றின் நம்பிக்கைப் பொறுப்பினூடாகத்தான் வாங்கலாம். குவாதலஹாரா உள்நாட்டில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. எழுதிக் கொடுப்பவர் நோத்தாரியோ. பெயர் எங்கள் நொத்தாரிசு போலிருந்தாலும் அவர் மாநில அரசு நியமிக்கும் மூத்த சட்டத்தரணி. அவருடைய கை படாத வீட்டு விற்பனைக்குப் பெறுமதி இல்லை.

கவனிக்க வேண்டியது எஹீதோ காணிகளை. மெக்சிக்கோப் புரட்சிக்குப் பிறகு பெருநிலக்காரரிடமிருந்து எடுத்து விவசாயச் சமூகங்களுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம் அது. 1992 வரை விற்கவே முடியாது. அந்த வருடம் சட்டம் மாற்றப்பட்ட பிறகும், முறைப்படி தனியார் உரித்தாக மாற்றாத எஹீதோ நிலத்தை வெளிநாட்டவர் வாங்க முடியாது. ஆனாலும் மலிவு விலை சொல்லி, ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்து வாங்கி விற்கிறார்கள். அனுமதிப்பத்திரக் காணியை வாங்கிவிட்டு வருடக்கணக்காகப் பிரதேச செயலகப் படியேறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மலிவு யாருக்கு?

வெளிநாட்டவர் அதிகம் விரும்பும் பகுதி கொலோனியா அமெரிக்கானா. பழைய மாளிகைகள், மரநிழல், கோப்பிக்கடைகள். 2022 இல் "டைம் அவுட்" சஞ்சிகை உலகிலேயே மிகக் கவர்ச்சியான குடியிருப்புப் பகுதியாக அதைத் தெரிவு செய்தது. அப்படிப் பெயர் வாங்கிய இடத்தில் வாடகை எந்தப் பக்கம் போகும் என்று ஊகிப்பது கடினமல்ல. பத்து மடங்கு வருமானம் உள்ளவரும் ஒரு மடங்கு வருமானம் உள்ளவரும் ஒரே வீட்டுக்கு வாடகை பேசினால் யாருக்கு அது கிடைக்கும்? 2025 ஜூலையில் மெக்சிக்கோ நகரின் வீதிகளில் இளைஞர்கள் இறங்கியது இந்தக் கோபத்தில்தான்.

இதை எழுதும்போது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. நல்லூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு பரப்புக் காணியின் விலையை இங்கே சம்பளம் எடுக்கும் ஆசிரியரின் வருமானமா தீர்மானிக்கிறது? ரொறன்ரோவும் லண்டனும் அல்லவா? நாங்களும் யாரோ ஒருவருக்கு மலிவான ஊர்தான். அந்த யாரோ எங்கள் சொந்தக்காரராக இருப்பதால் அதைப் பேசுவதில்லை.

மெக்சிக்கோவின் மற்ற வாசலையும் மறக்க முடியாது. ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் வடக்கே அமெரிக்காவுக்குப் போகிறார்கள். அங்கிருந்து வரும் பணத்தில்தான் பல கிராமங்களில் அடுப்பு எரிகிறது. வடக்கே போகிறவருக்குச் சுவர். தெற்கே வருகிற ஓய்வூதியருக்கு அட்டை. அதே சுவரைத் தாண்டி, எல்லையிலிருந்து 23 மீற்றர் தூரத்தில் 2017 இல் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டதாக அவர் சொல்லியிருந்தார். அவரைப் போன்றவர்கள் விரைவு நாடுகடத்தலை ஆட்கொணர்வு மனுவால் எதிர்க்க முடியாது என்று 2020 ஜூனில் தீர்ப்பு வந்தது. தமிழர் மெக்சிக்கோவினூடாகப் போன கதை இப்படித்தான் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

படங்கள் நிறைந்த சுற்றுவட்டம்

கொலோனியா அமெரிக்கானாவினூடாகச் செல்வது சப்புல்தெபெக் நிழற்சாலை. அதன் தெற்கு முனையில் உயரமான நினைவுத்தூண் ஒன்றோடு ஒரு சுற்றுவட்டம் இருக்கிறது. படையினரான சிறுவர்களின் நினைவாக 1950 இல் கட்டியது. 2018 மார்ச்சில் திரைப்படம் படித்த மாணவர்கள் மூவர் காணாமல் போனபோது நகரமே வீதிக்கு வந்தது. அந்த வருடம் மக்கள் அந்தச் சுற்றுவட்டத்துக்குப் புதிய பெயர் வைத்தார்கள்: காணாமல் போனோர் சுற்றுவட்டம். அன்றிலிருந்து குடும்பங்கள் அங்கே படங்களை ஒட்டுகின்றன. பெயர், வயது, கடைசியாகப் பார்த்த திகதி.

மெக்சிக்கோ முழுவதும் காணாமல் போனதாகப் பதிவானோர் தொகை 2022 மே மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. மாநிலங்களில் முன்னணியில் இருப்பது ஹலிஸ்கோ. 15,000 பேரளவில். பெரும்பாலானவை போதைப்பொருள் கும்பல்களோடும் அவற்றைக் கண்டும் காணாமல் விட்ட அதிகாரிகளோடும் தொடர்புபட்டவை. 2025 மார்ச்சில் நகருக்கு மேற்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள தெவுச்சித்லானில், பிள்ளைகளைத் தேடும் குடும்பங்களின் குழு ஒன்று ஒரு பண்ணைக்குள் நுழைந்தது. எரிந்த எலும்புத் துண்டுகள், நூற்றுக்கணக்கான சப்பாத்துகள், உடுப்புகள், பைகள். முந்தைய வருடம் படையினர் சோதித்துவிட்டுப் போன அதே பண்ணை. அரச வழக்குத்தொடுநர் அலுவலகம் அந்தப் பொருட்களைப் படம் பிடித்து, யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று இணையத்தில் போட்டது.

அதே வருடம் ஓகஸ்ட் 5 ஆம் திகதி, செம்மணி சித்துப்பாத்தியில் தோண்டியெடுத்த உடுப்புகளும் பொருட்களும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. அங்கே நின்று வந்தவர்களுக்குத் தெவுச்சித்லானின் சப்பாத்துகளைப் பற்றி நான் மேலே எதுவும் எழுத வேண்டியதில்லை.

இதனால் குவாதலஹாராவுக்கு யாரும் போகக்கூடாது என்று சொல்ல வரவில்லை. அங்கே வாழும் வெளிநாட்டு ஓய்வூதியர்களில் பெரும்பாலானோர் அமைதியாகவே காலம் கழிக்கிறார்கள். காணாமல் போகிறவர்களில் அதிகமானோர் உள்ளூர் இளைஞர்கள். வேலை தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்களும் அதில் உண்டு. ஓய்வூதியரின் அமைதியும் அந்தத் தாய்மாரின் அலைச்சலும் ஒரே தெருவில் இருக்கின்றன. மற்றவர்கள் அந்தப் படங்களைக் கடந்து போகப் பழகிவிடலாம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருந்த தாய்மாரைத் தெரிந்த நாங்கள் எப்படிப் பழகுவது?

சித்தப்பாவின் முடிவு

சேர்த்ததை எல்லாம் எழுதி அனுப்பினேன். வீட்டை விற்க வேண்டாம், முதலில் மழை முடிந்த மாதங்களில் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்றேன். அவர் கணக்குப் பார்த்தார். மூன்று மாதம் என்றால் விசா வேண்டாம், ஒன்ராறியோ மருத்துவமும் போகாது, கொடுப்பனவுகளும் நிற்காது. ஜனவரியில் போய் ஏப்ரலில் திரும்பலாம். ஸ்பானிஷ் வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

பிறகு சித்தி தொலைபேசியை வாங்கினார். அவருடைய தம்பி 1996 இல் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து கொண்டு போகப்பட்டவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று சித்தி நிற்பது அதனால்தான். ஓகஸ்டில் செம்மணியிலிருந்து வந்த படங்களை அவர் ரொறன்ரோவில் இருந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்ததாகச் சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார்.

"நீ எழுதின அந்தப் படம் ஒட்டுற இடம், நாங்கள் இருக்கப்போற பக்கத்தில இருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"நடக்கிற தூரம்தான் சித்தி" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைச் சித்தப்பாவிடமே கொடுத்தார்.